மணலில் நிற்கும் வீடு எவ்வளவு இறங்கும்? சென்னைக் கடற்கரைப் பகுதிக்கான கணக்கு வழிகாட்டி

திருவான்மியூரிலோ நீலாங்கரையிலோ ஒரு கிரவுண்ட் (2,400 சதுர அடி) மனை. பழைய வீட்டை இடித்துவிட்டு ஸ்டில்ட் மேல் மூன்று தளம் கட்டப் போகிறார்கள். சாயில் ரிப்போர்ட் (மண் பரிசோதனை அறிக்கை) வருகிறது. அத்தனை பக்கங்களிலும் பெரும்பாலானவர்கள் தேடுவது, மண் தாங்கக்கூடிய சுமையைச் சொல்லும் ஒரே ஒரு வரியை: "சதுர மீட்டருக்கு 16 டன்". தூணின் சுமையை அந்த எண்ணால் வகுத்து ஃபுட்டிங் (தூணின் சுமையை மண்ணில் பரப்பும் கான்கிரீட் அடி) அளவைப் போட்டுவிட்டு ரிப்போர்ட்டை மூடி வைத்துவிடுகிறோம்.

அந்த 16 எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நடுத்தர இறுக்கமுள்ள மணலில் 2 மீட்டர் அகல ஃபுட்டிங்கை வைத்தால், மண் பக்கவாட்டில் பிதுங்கி உடைவதற்கு எதிராக 3 மடங்கு பாதுகாப்பு வைத்த பிறகும் சதுர மீட்டருக்கு 25 முதல் 30 டன் வரை கிடைக்கும். அதை 16க்குக் குறைப்பது உடைவு பற்றிய பயம் இல்லை, இறக்கம் (சுமையால் மண் நசுங்கி ஃபுட்டிங் கீழே போவது). அதாவது, மணலில் ஃபுட்டிங்கின் அளவை முடிவு செய்வதே இறக்கக் கணக்குதான். ரிப்போர்ட்டில் இருப்பது வேறொருவர், வேறொரு ஃபுட்டிங் அகலத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் தூணுக்கு நீங்களே ஒருமுறை போட்டுப் பார்ப்பது ஒரு மணி நேர வேலை. கைபேசியில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

எந்தச் சூத்திரம் சரி என்ற சண்டையில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பது என் அனுபவம். சூத்திரத்துக்குள் என்ன எண்ணைப் போடுகிறீர்கள், பக்கத்துப் பக்கத்துத் தூண்கள் எவ்வளவு வித்தியாசமாக இறங்கும் என்ற இரண்டும்தான் கட்டடத்தைக் காப்பாற்றும் அல்லது விரிசல் விட வைக்கும்.

முதலில், கீழே இருப்பது மணல்தானா?

பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே ஓடும் பட்டையில் மேலே இருப்பது பெரும்பாலும் கடல் மணல். கிண்டி, பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் போனால் பாறையும் அதன் சிதைவும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் களிமண். இதெல்லாம் சென்னையில் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் கால்வாயை நெருங்க நெருங்க மணலுக்குக் கீழே சேற்றுக் களிமண் அடுக்கு ஒளிந்திருக்கலாம். மேலே 5 மீட்டர் அருமையான மணல், அதற்குக் கீழே 2 மீட்டர் மெத்தென்ற களி. அப்படி இருந்தால் இந்தக் கட்டுரையில் வரும் கணக்குகள் பாதி வேலையைத்தான் செய்யும். களிமண் மெதுவாக, வருடக்கணக்கில் தண்ணீரைப் பிழிந்துகொண்டு இறங்கும். அதற்குத் தனிக் கணக்கு. அதனால் போர் (மண் சோதனைத் துளை) போடும்போது ஃபுட்டிங் அடியிலிருந்து அதன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழமாவது போக வேண்டும். மூன்று நான்கு தள வீட்டுக்கு மொத்தம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒரு கிரவுண்டுக்கு எதிரெதிர் மூலைகளில் இரண்டு போர். ஒன்றோடு நிறுத்தி மிச்சம் பிடிக்கும் பணம், கட்டடச் செலவில் கண்ணுக்கே தெரியாத தொகை.

மணலுக்கும் களிமண்ணுக்கும் இன்னொரு முக்கிய வேறுபாடு. களிமண்ணைக் குழாயில் அப்படியே எடுத்து ஆய்வகத்தில் அழுத்திப் பார்க்கலாம். மணலைக் கலையாமல் எடுக்க முடியாது. குழாயில் ஏறும்போதே அதன் இறுக்கம் மாறிவிடும். அதனால்தான் மணலுக்குக் களத்தில் அடித்துப் பார்க்கும் சோதனையை நம்பியிருக்கிறோம்.

என் (N) வேல்யூ: எல்லாம் இதில்தான் இருக்கிறது

எஸ்.பி.டி. (ஸ்டாண்டர்ட் பெனட்ரேஷன் டெஸ்ட்) சோதனை கட்டடத் துறையில் எல்லோருக்கும் தெரியும். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ விட்டு, பிளவுக் குழாயை 45 செ.மீ. இறக்குவார்கள். முதல் 15 செ.மீ.க்கு விழுந்த அடிகளை விட்டுவிட்டு, அடுத்த 30 செ.மீ.க்கு ஆன அடிகளைக் கூட்டினால் அதுதான் என் வேல்யூ. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2131 சொல்வது இதுவே.

சொல்வதற்கு எளிது. களத்தில் நின்று பார்த்தால்தான் எத்தனை இடத்தில் எண் நழுவும் என்று தெரியும். முக்காலியில் கயிற்றைச் சுற்றி ஆட்கள் இழுத்து விடும்போது சுத்தியல் முழு 75 செ.மீ. ஏறாமல் 60லேயே விழுந்தால் அடி அதிகமாகும். மணல் இருப்பதைவிட இறுக்கமாகத் தெரியும். கயிறு உருளையில் சிக்கி வேகம் குறைந்தாலும் அதேதான். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. நிலத்தடி நீருக்குக் கீழே துளையிடும்போது, துளைக்குள் இருக்கும் தண்ணீர் மட்டத்தை வெளி மட்டத்துக்குக் கீழே போக விட்டால், அடியிலிருந்து தண்ணீர் பொங்கி மணலைக் கிளப்பிவிடும். அப்புறம் அடித்தால் 20 வர வேண்டிய இடத்தில் 8 வரும். துளையை எப்போதும் தண்ணீரோ பென்டோனைட் களிமண் கரைசலோ ததும்ப வைத்திருக்கச் சொல்லுங்கள். சோதனை நடக்கும் நாளில் பொறியாளர் ஒருவர் அங்கே நிற்பதைவிடப் பெரிய திருத்தம் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். வழக்கமாக 1.5 மீட்டருக்கு ஒருமுறை சோதனை செய்வார்கள். 2 மீட்டர் அகல ஃபுட்டிங்கின் இறக்கத்தில் பெரும்பங்கு அதன் அடியில் உள்ள முதல் 2 மீட்டரிலேயே நடந்துவிடும். 1.5 மீட்டர் இடைவெளியில் அந்தப் பகுதியில் ஒன்றோ இரண்டோ எண்தான் கிடைக்கும். முதல் 6 மீட்டருக்கு மட்டும் 75 செ.மீ.க்கு ஒருமுறை அடிக்கச் சொன்னால் கணக்குக்கு உயிர் வரும்.

சரி, எண் வந்தாயிற்று. ரிப்போர்ட் அட்டவணையில் இரண்டு பத்திகள் இருக்கும்: களத்தில் எண்ணியது, திருத்தியது. மேல்மண் பாரத்துக்காகச் செய்யும் திருத்தம் ஆழம் குறைந்த இடத்தில் எண்ணை உயர்த்தும். நிலத்தடி நீருக்குக் கீழே உள்ள நுண்மணலில் எண் 15ஐத் தாண்டினால், தாண்டிய பகுதியில் பாதியை மட்டும் சேர்த்துக்கொள்ளும் திருத்தமும் உண்டு. 25 என்றால் 20 ஆகும். எந்தச் சூத்திரம் எந்தப் பத்தியைக் கேட்கிறது என்று பார்க்காமல் போடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. ஐ.எஸ். 8009 முதல் பகுதியில் உள்ள வரைபடத்துக்குத் திருத்திய எண். கீழே வரும் பர்லண்ட்–பர்பிட்ஜ் முறைக்கு மேல்மண் பாரத் திருத்தம் செய்யாத எண். மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிலேயே பார்ப்போம்.

உதாரண மனை

ஒரு கற்பனை மனையை எடுத்துக்கொள்வோம். எண்கள் கடற்கரைப் பட்டையில் பார்க்கக்கூடியவை. நடுத் தூணின் சுமை 640 கிலோநியூட்டன், அதாவது சுமார் 64 டன். இது பயன்பாட்டுச் சுமை. கம்பி வடிவமைப்புக்காக 1.5ஆல் பெருக்கிய சுமையை இங்கே கொண்டுவந்துவிடாதீர்கள். ஃபுட்டிங் 2 மீட்டருக்கு 2 மீட்டர், 1.5 மீட்டர் ஆழத்தில். மணலின் எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன். மே மாதம் போர் போட்டபோது தண்ணீர் 3 மீட்டரில்.

களத்தில் எண்ணிய என் வேல்யூ: 1.5 மீட்டரில் 9, 2.25இல் 11, 3இல் 13, 3.75இல் 16, 4.5இல் 15, 5.25இல் 19, 6இல் 22.

640ஐ 4 சதுர மீட்டரால் வகுத்தால் கூடுதல் அழுத்தம் 160 கிலோபாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 16 டன். தோண்டுவதற்கு முன் அந்த ஆழத்தில் இருந்த மண் பாரம் 1.5 × 18 = 27. ஃபுட்டிங்கும் அதன் மேல் நிரப்பும் மண்ணும் ஏறக்குறைய அந்த 27ஐத் திரும்ப வைத்துவிடும் என்று கொண்டால், அடியில் மொத்த அழுத்தம் 187.

முதல் கணக்கு: பர்லண்ட்–பர்பிட்ஜ்

1985இல் பர்லண்டும் பர்பிட்ஜும், மணலிலும் சரளையிலும் நின்ற அடித்தளங்கள், தொட்டிகள், கரைகள் என்று 200க்கும் மேற்பட்ட இறக்க அளவீடுகளைத் திரட்டிப் போட்ட முறை இது. உண்மையாக அளந்த எண்களிலிருந்து பிறந்தது என்பதால் வீட்டு ஃபுட்டிங்குக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

எந்த ஆழம் வரை என் வேல்யூவைச் சராசரி எடுப்பது? அகலத்தின் 0.75 அடுக்கு (பவர்). 2 மீட்டருக்கு அது 1.68 மீட்டர். அதாவது 1.5 முதல் 3.18 மீட்டர் வரை: 9, 11, 13. சராசரி 11. ஆழம் போகப் போக எண் குறைந்துகொண்டே போகும் மண்ணாக இருந்தால் இது பொருந்தாது. அப்போது அகலத்தின் இரண்டு மடங்கு ஆழமோ தளர்ந்த அடுக்கின் அடிமட்டமோ, எது குறைவோ அதுவரை பார்க்க வேண்டும்.

பிறகு:

இறக்கம் (மி.மீ.) = [மொத்த அழுத்தம் − (பழைய மண் பாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு)] × அகலத்தின் 0.7 அடுக்கு × 1.71 ÷ என் வேல்யூவின் 1.4 அடுக்கு

அழுத்தம் கிலோபாஸ்கலில், அகலம் மீட்டரில். அடைப்புக்குள் 187 − 18 = 169. 2இன் 0.7 அடுக்கு 1.62. 11இன் 1.4 அடுக்கு 28.7, அதனால் 1.71ஐ வகுத்தால் 0.0596. பெருக்கினால் 16 மி.மீ.

இது கட்டி முடிக்கும்போது இருக்கும் இறக்கம். மணல் உடனே இறங்கி முடிந்துவிடும் என்று படித்திருப்போம். பெரும்பகுதி அப்படித்தான், தளம் ஏற ஏறவே இறங்கிவிடும். ஆனாலும் மெதுவாக ஊர்ந்து இறங்கும் மிச்சம் ஒன்று உண்டு. முதல் 3 வருடங்களுக்கு 0.3 மடங்கு, அப்புறம் காலம் பத்து மடங்காகும்போது 0.2 மடங்கு என்று இந்த முறை கூட்டுகிறது. 30 வருடத்துக்கு 1 + 0.3 + 0.2 = 1.5. ஆக 24.5 மி.மீ.

நீர்த்தொட்டி கட்டுபவர்கள் இங்கே நிற்க வேண்டும். நிறைவதும் காலியாவதுமாகச் சுமை மாறிக்கொண்டே இருந்தால் 0.3க்குப் பதில் 0.7, 0.2க்குப் பதில் 0.8 என்று போகலாம். அதே 30 வருடத்துக்குப் பெருக்கம் 2.5. 16 மி.மீ. என்று நினைத்தது 40 மி.மீ. ஆகிவிடும்.

இப்போது முன்பு சொன்ன தவறைச் செய்து பார்ப்போம். மேல்மண் பாரத்துக்குத் திருத்திய எண்களைத் தவறுதலாகப் போட்டால் 9, 11, 13 என்பது ஏறக்குறைய 13, 14, 16 ஆகிவிடும். இறக்கம் 24.5இலிருந்து 17க்கு இறங்கும். எந்த மண்ணும் மாறவில்லை. பத்தி மட்டும் மாறியது. 30 சதவீதம் போய்விட்டது.

பழைய வீடு நின்ற இடத்துக்கு இன்னொரு விஷயம். ஏற்கெனவே ஒரு பாரத்தைத் தாங்கிய மணல், அந்தப் பாரம் வரை மூன்றில் ஒரு பங்குதான் இறங்கும். பழைய அஸ்திவாரம் சரியாக எங்கே இருந்தது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் இந்தச் சலுகையை எடுக்க வேண்டாம். ஒரு தூண் பழைய சுவருக்கு நேர் கீழேயும் அடுத்த தூண் பழைய முற்றத்திலும் வந்து உட்கார்ந்தால், சலுகையே வித்தியாசத்தை உண்டாக்கும்.

இரண்டாம் கணக்கு: ஷ்மெர்ட்மன்

1970இல் ஷ்மெர்ட்மன் தந்து, 1978இல் திருத்திய முறை. மண்ணை அடுக்கடுக்காகப் பார்ப்பதால், நடுவில் ஒரு தளர்ந்த அடுக்கு இருந்தால் அதன் பங்கு எவ்வளவு என்று தனியாகத் தெரியும்.

அடிப்படை எண்ணம் எளிமையானது. ஃபுட்டிங்குக்கு நேர் கீழே மணல் அதிகம் நசுங்காது; அகலத்தில் பாதி ஆழத்தில்தான் நசுக்கம் உச்சம். சதுர ஃபுட்டிங்குக்கு இந்த நசுக்கத்தைக் குறிக்கும் தாக்க எண் மேலே 0.1இல் தொடங்கி, அகலத்தில் பாதி ஆழத்தில் உச்சம் போய், இரண்டு மடங்கு ஆழத்தில் பூஜ்யமாகும். நீளமான சுவர் அஸ்திவாரத்துக்கு 0.2இல் தொடங்கி, ஒரு மடங்கு ஆழத்தில் உச்சம், நான்கு மடங்கில் பூஜ்யம்.

உச்ச மதிப்பு = 0.5 + 0.1 × (கூடுதல் அழுத்தத்தை உச்ச ஆழத்து மண் பாரத்தால் வகுத்ததன் வர்க்கமூலம்). நம் மனையில் உச்சம் தரையிலிருந்து 2.5 மீட்டரில், அங்கே பாரம் 45. ஆக 0.69.

அடுத்து மணலின் விறைப்பு. இந்த முறை கூம்புச் சோதனை (ஒரு கூம்பை மண்ணுக்குள் அழுத்தி எதிர்ப்பை அளப்பது) எண்ணைக் கேட்கிறது. சதுர ஃபுட்டிங்குக்கு விறைப்பு அதன் 2.5 மடங்கு. கூம்புச் சோதனை செய்யாவிட்டால், நுண்மணலும் நடுத்தர மணலும் கலந்த இடத்தில் என் வேல்யூவை 0.4ஆல் பெருக்கி மெகாபாஸ்கலாக எடுத்துக்கொள்ளலாம். 2.5 × 0.4 = 1. வசதியாக, என் வேல்யூவே மெகாபாஸ்கலில் விறைப்பு ஆகிவிடுகிறது.

ஒரு மீட்டர் தடிமனாக நான்கு அடுக்கு:

முதல் மீட்டர்: தாக்க எண் 0.39, விறைப்பு 10. வகுத்தால் 0.039.
இரண்டாவது: 0.57, விறைப்பு 13. 0.044.
மூன்றாவது: 0.34, விறைப்பு 15. 0.023.
நான்காவது: 0.11, விறைப்பு 17. 0.007.

கூட்டினால் 0.113. அதை 160ஆல் பெருக்கினால் 18 மி.மீ. தோண்டிய ஆழத்துக்கான குறைப்பு 1 − 0.5 × 27 ÷ 160 = 0.92. காலப் பெருக்கம் 1 + 0.2 × (வருடத்தை 0.1ஆல் வகுத்ததன் மடக்கை, அதாவது log), 30 வருடத்துக்கு 1.5. கடைசியில் 25 மி.மீ.

முதல் கணக்கு 24.5, இரண்டாவது 25. இந்த ஒற்றுமையைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அந்த 0.4 என்ற எண் மணலின் பருமனைப் பொறுத்து 0.3 ஆகவும் இருக்கலாம், 0.5 ஆகவும் இருக்கலாம். 0.3 என்றால் 33 மி.மீ.; 0.5 என்றால் 20. நான் வரைபடத்தின் ஓரத்தில் எழுதுவது "25" என்று இல்லை; "20 முதல் 35 வரை". ஒற்றை எண்ணை எழுதினால் அதைப் படிப்பவர் நமக்கு இல்லாத துல்லியம் நமக்கு இருப்பதாக எடுத்துக்கொள்வார்.

1994இல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக வளாகத்து மணலில் 1 முதல் 3 மீட்டர் அகலம் வரை ஐந்து சதுர ஃபுட்டிங்குகளைப் போட்டு, மண் விவரங்களை முன்கூட்டியே கொடுத்து, 25 மி.மீ., 150 மி.மீ. இறங்க எவ்வளவு சுமை வேண்டும் என்று நிபுணர்களிடம் கணித்துத் தரச் சொன்னார்கள். ஒரே விவரம், ஒரே ஃபுட்டிங். கணிப்புகளோ பரவலாகச் சிதறிக் கிடந்தன. மணல் இறக்கத்தை அரை மில்லிமீட்டர் வரை சொல்கிறேன் என்பவரைப் பார்த்தால் எனக்கு அந்தச் சோதனைதான் நினைவுக்கு வரும்.

பிளேட் லோட் டெஸ்ட் பற்றி ஒரு வார்த்தை

மண்ணின் மேல் வைத்துச் சுமை ஏற்றும் 30 செ.மீ. தகடு 160 கிலோபாஸ்கலில் 6 மி.மீ. இறங்கினால், ஐ.எஸ். 1888 தரும் விகிதத்தில் 2 மீட்டர் ஃபுட்டிங் 18 மி.மீ. இறங்கும்: [2 × 0.6 ÷ (0.3 × 2.3)]இன் வர்க்கம், சுமார் 3 மடங்கு. நல்ல சோதனைதான். ஆனால் அந்தத் தகடு உணர்வது அதன் கீழே அரை மீட்டர் சொச்சம் மண்ணை மட்டும். 2.5 மீட்டரில் இருக்கும் தளர்ந்த அடுக்கு அதற்குத் தெரியவே தெரியாது. போர் போடாமல் பிளேட் டெஸ்ட் மட்டும் செய்து ஃபுட்டிங் அளவு போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

மே மாதத் தண்ணீரும் டிசம்பர் தண்ணீரும்

சென்னைக்கு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மே மாதம் 3 மீட்டரில் இருந்த தண்ணீர், நல்ல வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஃபுட்டிங் அடியைத் தொடலாம். மனையிலேயே மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருந்தால் அந்த மூலையில் மட்டும் சீக்கிரம் ஏறும்.

தண்ணீர் ஏறினால் மணல் துகள்களுக்கு இடையே உள்ள அழுத்தம் குறையும், விறைப்பும் குறையும். மண் பொறியியல் முன்னோடிகளான டெர்சாகியும் பெக்கும் 1948 முதலே சொல்லிவந்த பழைய விதியில், தண்ணீர் ஃபுட்டிங் அடிவரை வந்தால் இறக்கம் இரண்டு மடங்கு வரை ஆகலாம். ஐ.எஸ். 8009இல் வரும் 0.5 என்ற திருத்தமும் அதே வழியில் வந்ததுதான். நம் மனையில் துகள் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று நேராகப் பார்த்தால், 3 மீட்டர் ஆழத்தில் 54இலிருந்து சுமார் 40 ஆகிறது. என் வேல்யூ ஏறக்குறைய இதன் வர்க்கமூலத்தோடு போகும் என்பதால் 13 என்பது 11 ஆகும். இறக்கம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். இரண்டு மடங்கு என்பது மிகை என்றாலும் கூடுதலைக் கணக்கில் எடுக்காமல் விடக்கூடாது. அதனால் போர் போட்ட அன்று இருந்த மட்டத்தை எடுக்காமல், பக்கத்து வீட்டுக் கிணற்றில் டிசம்பரில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று கேட்டு, அதை வைத்துப் போடுங்கள். ஏற்கெனவே தண்ணீருக்குள் எடுத்த என் வேல்யூவுக்கு மறுபடி தண்ணீர்த் திருத்தம் செய்ய வேண்டாம். அந்த எண்ணிலேயே அது இருக்கிறது.

இறுக்காமல் கொட்டிய நிரப்பு மணல் முதன்முறை நனையும்போது ஒரேயடியாக அமுங்கும். அதற்கு எந்தச் சூத்திரமும் உதவாது. நிரப்பு மணல் மேல் ஃபுட்டிங் வைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

தண்ணீர் இறங்குவதிலும் ஆபத்து உண்டு. பக்கத்து மனையில் அடித்தளப் பார்க்கிங்குக்குத் தோண்டி, இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்தால், ஒரு மீட்டர் இறங்குவதற்குச் சுமார் 10 கிலோபாஸ்கல் கூடுதல் பாரம் உங்கள் மண்ணின் மேல் ஏறும். அதைவிட மோசம், இறைக்கும் தண்ணீரோடு நுண்மணலும் போவது. வெளியே விடும் தண்ணீர் கலங்கலாக வருகிறதா என்று போய்ப் பாருங்கள். கலங்கலாக இருந்தால் உங்கள் வீட்டுக் கீழ் மண்தான் போய்க்கொண்டிருக்கிறது. அன்றைக்கே பேசி நிறுத்த வேண்டும்.

மூலைத் தூண்

மொத்தக் கட்டடமும் 25 மி.மீ. ஒன்றாக இறங்கினால் வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரியாது. வாசல் படியும் கழிவுநீர்க் குழாய் இணைப்பும் மட்டும் கொஞ்சம் சிரமப்படும். விரிசல் விடுவது வித்தியாசத்தால். ஐ.எஸ். 1904 மணலில் தனி ஃபுட்டிங் வைத்த கான்கிரீட் கட்டடத்துக்கு மொத்த இறக்கம் 50 மி.மீ., வித்தியாசம் இரண்டு தூண்களின் இடைவெளியில் 0.0015 பங்கு என்கிறது. 4 மீட்டர் இடைவெளிக்கு 6 மி.மீ. மட்டும். சுவர் விரிசல் விடத் தொடங்குவது சுமார் 300இல் ஒரு பங்கில் என்று 1956இல் ஸ்கெம்ப்டனும் மெக்டொனால்டும் பல கட்டடங்களைப் பார்த்துச் சொன்னார்கள். அதாவது 4 மீட்டருக்கு 13 மி.மீ.

நம் மனையின் மூலைத் தூணுக்கு 300 கிலோநியூட்டன் என்று வைப்போம். அதே 160 கிலோபாஸ்கலில் ஃபுட்டிங் 1.37 மீட்டர் சதுரம். மண் அதே மண் என்றால் இறக்கம் 21.5 மி.மீ. நடுத் தூணோடு வித்தியாசம் 3 மி.மீ. பிரச்சினை இல்லை.

இப்போது அந்த மூலையில் மட்டும் என் வேல்யூ 6 என்று வைத்துப் போடுங்கள். 44 மி.மீ. வருகிறது. நடுத் தூணோடு வித்தியாசம் 19 மி.மீ.க்கு மேல், 4 மீட்டரில் 205இல் ஒரு பங்கு. 50 மி.மீ. வரம்பை எந்தத் தூணும் தாண்டவில்லை, ஆனால் சுவர் பிளந்துவிடும்.

ஒரு மூலையில் மட்டும் 6 எப்படி வரும்? நம் ஊரில் மிக எளிதாக வரும். கடற்கரைப் பட்டையில் பழைய வீடுகளில் உறைகிணறு சாதாரணம். வீட்டை இடிப்பவர்கள் கிணற்றில் செங்கல் ஜல்லியையும் இடிபாட்டையும் கொட்டி மேலே மணலைப் பரப்பிவிட்டுப் போவார்கள். பழைய செப்டிக் டேங்க் குழி, தரைத்தொட்டிக் குழி எல்லாம் இப்படித்தான் மறையும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் கணக்குப் போட்ட ஒரு கட்டடத்தில் இது நடந்தது. இரண்டு போரிலும் நல்ல எண்கள். இரண்டாம் தளம் போட்டு முடித்தபோது, மூலைக்குப் பக்கத்து ஜன்னலின் மேல் முனையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். ஃபுட்டிங் ஓரம் தோண்டிப் பார்த்தோம். ஒன்றரை அடிக்குக் கீழே உடைந்த உறை, ஓடு, கறுத்த ஈர மண். இரண்டு போரும் கிணற்றைத் தாண்டியே விழுந்திருந்தன. அந்த மனையில் முப்பது வருடம் குடியிருந்த அம்மா எதிர் வீட்டில்தான் இருந்தார். கேட்டதும் கையை நீட்டிக் கிணறு இருந்த இடத்தைக் காட்டினார். நான் முன்னாடியே கேட்டிருக்க வேண்டும். அந்த மூலையைச் சரி செய்ய ஆன செலவும் அந்தக் குடும்பம் பட்ட கவலையும் இன்றும் மனதில் இருக்கிறது. அன்றிலிருந்து போர் போடும் இடத்தைக் குறிப்பதற்கு முன்னால் பழைய வீட்டு வரைபடத்தையும் அக்கம்பக்கத்து ஆட்களையும் பார்க்காமல் விடுவதில்லை.

வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டியதும் ஒவ்வொரு குழியிலும் ஒரு 12 மி.மீ. கம்பியைக் கையால் குத்திப் பார்ப்பதும் என் வழக்கம். எண் எதுவும் கிடைக்காது. ஆனால் ஒரு குழியில் மட்டும் கம்பி சுலபமாக இறங்கினால், பி.சி.சி. (ஃபுட்டிங்குக்கு அடியில் போடும் கம்பியில்லாக் கான்கிரீட்) போடுவதை நிறுத்தி அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க அது போதும்.

கணக்கு அதிகமாக வந்தால்

முதலில் தோன்றுவது ஃபுட்டிங்கைப் பெரிதாக்குவது. நடுத் தூணுக்கு 2 மீட்டரை 2.5 ஆக்கிப் பாருங்கள்: 24.5 மி.மீ. சுமார் 19 ஆகும். பரப்பு 56 சதவீதம் கூடியது, இறக்கம் கால்வாசிகூட முழுதாகக் குறையவில்லை. அகலமான ஃபுட்டிங் இன்னும் ஆழத்து மண்ணையும் நசுக்குகிறது என்பதே காரணம்.

அதே இடத்தில் மணலை இறுக்கி என் வேல்யூவை 11இலிருந்து 16க்குக் கொண்டுபோனால் இறக்கம் 40 சதவீதம் குறையும். ஒன்றரை மீட்டர் வரை தோண்டி எடுத்து, 20 செ.மீ. அடுக்குகளாகத் திரும்பப் போட்டு, ஈரப்படுத்தி, அதிர்வு உருளையால் இறுக்குவது தண்ணீர் மட்டத்துக்கு மேலே செய்யக்கூடிய வேலை. கோடையில் செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி இருந்தால் அதிர்வைப் பற்றி முதலில் யோசியுங்கள்.

எதுவும் செய்யாவிட்டாலும், வானம் தோண்டும்போது கலைந்த மேல் மணலை பிளேட் வைப்ரேட்டரால் இறுக்காமல் பி.சி.சி. போட வேண்டாம். கலைந்த 15 செ.மீ. மணல் தன் பங்குக்குச் சில மில்லிமீட்டர் இறங்கும், அதுவும் குழிக்குக் குழி வேறு வேறாக.

ஃபுட்டிங்குகளின் மொத்தப் பரப்பு கட்டடப் பரப்பில் பாதியைத் தாண்டினால் ராஃப்ட் (கட்டடம் முழுவதற்கும் ஒரே கான்கிரீட் பலகையாக அஸ்திவாரம்) யோசிக்கலாம். அது தளர்ந்த மூலையைத் தாண்டிப் பாலம் போலச் சுமையைப் பகிரும் என்பதால் வித்தியாசம் குறையும். மணல் மிகத் தளர்ந்து, தண்ணீரும் மேலே இருந்தால், நில அதிர்வின்போது மணல் குழம்பாகும் ஆபத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். இங்கே போட்ட கணக்கு அதற்கானதில்லை.

அளந்து பார்ப்பது

கணித்ததை யாரும் திரும்பப் போய்ச் சரிபார்ப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம். செலவு ஏறக்குறைய இல்லை. பிளிந்த் பீம் (தரைமட்ட விட்டம்) போட்டதும் ஒவ்வொரு மூலைத் தூணிலும், நடுத் தூண்கள் இரண்டிலும் ஒரு போல்ட்டைப் பதித்துவிடுங்கள். மனைக்கு வெளியே, தோண்டும் வேலை எதுவும் நடக்காத இடத்தில் ஒரு நிலைக்குறி. ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்து, ஒவ்வொரு தளம் போட்ட பிறகும் ஒரு வாசிப்பு, சுவர் வேலை முடிந்ததும் ஒன்று, முதல் மழைக்காலம் போனதும் ஒன்று.

சுமை பாதி ஏறியபோது இறக்கம் கணித்ததில் ஏறக்குறைய பாதியாக இருக்க வேண்டும். நம் மனையில் கட்டி முடிக்கும்போது 16 என்று போட்டோம். இரண்டாம் தளம் போட்டதும் எந்தத் தூணாவது 12ஐத் தாண்டினாலோ, பக்கத்துத் தூண்கள் இரண்டுக்கு நடுவே 4 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தாலோ அடுத்த தளத்தைத் தள்ளி வைத்து அந்த மூலையைத் தோண்டிப் பாருங்கள். பூச்சு வேலையை எல்லாத் தளமும் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மணல் இறங்க வேண்டியதில் பெரும்பகுதி இறங்கியிருக்கும். வாசிப்புகளைத் தேதியோடு, அன்றைய தண்ணீர் மட்டத்தோடு எழுதி, சாயில் ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். அதே தெருவில் அடுத்த மனைக்குக் கணக்குப் போடும்போது நீங்கள் முதலில் எடுத்துப் பார்க்கப்போவது அந்தத் தாளைத்தான்.